நொடிக்கு இரண்டு அலை

ஹிகாஷி ஒசாகா
1979 அக்டோபர் 9

அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து உன் கார்டு வந்தது. இரண்டே வரி. "கடையின் ஆம்ப்ளிஃபயர் புகைந்துவிட்டது. உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?" நலம் விசாரிப்பு இல்லை, குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பழைய கதையை முடித்துவிடலாம். முரகாமியில் உன் இசைக் காப்பிக்கடையைத் திறந்த அன்று, யாரும் வாய் திறக்கக் கூடாத அந்த அறையில், பதினோரு வாடிக்கையாளர் முன்னால் நான் சொன்னேன்: "இந்த ஸ்பீக்கருக்கு இந்த ஆம்ப்ளிஃபயரா? சுமோ வீரனுக்குக் கஞ்சி ஊத்துற மாதிரி இருக்கு. உனக்குக் காதே இல்லையா?" நீ வாசலைக் காட்டினாய். சொன்ன விஷயம் சரி. சொன்ன இடம் தப்பு. இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

எதை வாங்கலாம் என்று ஊரில் யாரையும் கேட்காதே. ஆளுக்கொரு புராணம் படிப்பார்கள். கணக்கு எளிது. உன்னுடையது வீட்டு ஸ்பீக்கர்களில் ராட்சச ஜாதி. ஊதுகுழல் வாய்போல விரிந்த அந்த மரக்கொம்புக்கு முழுசாக ஒரு வாட் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார். நீ வழக்கமாக வைக்கும் சத்தத்துக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே பலசாலி ஆம்ப்ளிஃபயர் உனக்கு வேண்டாம். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு சுத்தமாக இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஒரு தூசி அளவு இரைச்சல் இருந்தாலும் கொம்பு அதையும் அக்கறையாகப் பெருக்கிக் காட்டும்.

அறையின் நீள அகலம், நாற்காலி எவ்வளவு தூரத்தில், இதுவரை எதையெல்லாம் மாட்டிப் பார்த்தாய். எழுது.

தெட்சுரோ


முரகாமி
அக்டோபர் 16

தெட்சு,

நீ இறங்கிய ஆழம் தெரிகிறது. கால் நனையவில்லை.

அறை பன்னிரண்டு பாய் விரிக்கிற அளவு. நாற்காலி நாலு மீட்டர் தள்ளி. இதுவரை இரண்டு மாட்டிப் பார்த்தேன். நீகாதா நகரத்து ரேடியோக் கடைக்காரர் இருநூற்றைம்பது வாட் மிருகம் ஒன்றை நான்கு நாள் இரவல் தந்தார். இசை இல்லாத நேரத்தில் அரிசி களைகிற மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்றது. பல் டாக்டர் இசோபே தன் கையால் செய்த மூன்று வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பாட்டுக்குரல் தேன். கீழ்ச் சுரம் வந்தால் ஈர மெத்தையை அடிக்கிற சத்தம். அதை அவரிடம் சொல்ல முடியுமா? "குளிர்காலத்துக்கு ஏத்த சத்தம்" என்றேன். சந்தோஷமாகப் போனார்.

இனி மற்றது. ஆகஸ்டு கடைசியில் உன் அத்தான் கென்சாக்குவிடம், "இந்த வருஷம் சில்வண்டு கத்தவே இல்லையே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "உன் தலைமாட்டு ஜன்னல்லதான் காட்டுக் கத்து கத்திக்கிட்டிருக்கு" என்றார்.

நீகாதா மருத்துவமனைக்குப் போனேன். மேல் சுரங்கள் உதிர்கின்றனவாம், இலை மாதிரி. மெதுவாக. அதோடு, இல்லாத சத்தம் ஒன்று காதுக்குள் தானாக முளைக்கலாம், அப்போது எது உள்ளே எது வெளியே என்று பிரிப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

மேல் சுரம் போவதை நான் தாங்குவேன். ஆனால் தான் கேட்பது வெளியே இருக்கிறதா என்றே தெரியாதவள், மற்றவர்களை உட்காரவைத்து "கேளுங்கள்" என்று சொல்லக் கூடாது. அந்த நாள் வந்தால் கடையை மூடிவிடுவேன். தோக்கியோவில் கமியா என்று ஒரு பழைய ஸ்பீக்கர் வியாபாரி, டிசம்பர் இரண்டாம் தேதி இந்தப் பக்கம் வருகிறார். நான் தலையசைத்தால் ஸ்பீக்கர்களை லாரியில் ஏற்றிவிடுவார். எட்டு வருஷம் நீகாதாவில் ஒரு இசைக் காப்பிக்கடையில் கோப்பை கழுவியதற்கு முதலாளி எனக்குக் கொடுத்துவிட்டுப் போன ஸ்பீக்கர்கள். வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை. கென்சாக்கு உட்பட. அவருக்கும் தெரியும்.

அதற்குள் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர். முடியுமா?

இட்சுகோ


ஹிகாஷி ஒசாகா
அக்டோபர் 20

அக்கா,

காது விஷயத்துக்குப் பதில் எழுதிக் கிழித்தேன். விடு.

எங்கள் பட்டறையின் மூன்றாம் நம்பர் ஆம்ப்ளிஃபயரை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பத்து வாட். இசை ஓடினாலும் ஓடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் குடித்துச் சூடாகவே உட்கார்ந்திருக்கும் ரகம், அதனால் சின்னச் சத்தங்களில் தடுமாறாது. பூனை மேலே படுக்கும், விரட்டு. பட்டறையில் நாலே பேர், இது நான் தனியாக வரைந்த முதல் சாமான். இரைச்சலை அளந்த தாளை உள்ளே வைத்திருக்கிறேன். எண்ணைப் பார், அழகாக இருக்கும்.

தெட்சுரோ


முரகாமி
நவம்பர் 2

தெட்சு,

வந்தது. நானும் கென்சாக்குவும் தூக்கி வைத்தோம். அவர், "உன் தம்பி இதுக்குள்ள என்ன, அம்மிக்கல்லா வச்சிருக்கான்?" என்றார்.

செல்லோ தனியாக வாசிக்கும் இசைத்தட்டைப் போட்டேன். வில் நரம்பைத் தொடுவதற்கு முன்னால் வாசிக்கிறவர் மூச்சு இழுத்தார். ஆறு வருஷமாக அந்தத் தட்டு என்னிடம் இருக்கிறது. அவர் மூச்சு விடுகிற மனிதர் என்று இப்போதுதான் தெரிந்தது. இசோபே டாக்டர் தன் ஆம்ப்ளிஃபயரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வாசலில் என்னைவிடத் தாழ்வாகக் குனிந்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் தட்டு மாற்றும்போது கேட்டேன். அடியில் ஒரு முனகல். மிக மெல்லியது, அடுத்த தெருவில் யாரோ பிரார்த்தனை செய்வதுபோல.

"கேக்குதா?" என்றேன்.

கென்சாக்கு கொம்புக்குள் தலையை விட்டார். மீன் சந்தையில் ஐஸ் அரைக்கும் மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்ற காது. "எனக்கு உள்ளாற மீன் வாசம்தான் வருது" என்றார். "அது உங்க கைங்க" என்றேன்.

இசோபே டாக்டரைக் கூப்பிட்டேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றார். "இருக்குன்னும் சொல்லலாம்... இல்லைன்னும் சொல்லலாம்..." என்றார். என் காது விஷயம் அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். எங்கள் ஊர் மரியாதை உனக்குத் தெரியாதா? பொய் சொல்ல மாட்டார்கள், உண்மையும் சொல்ல மாட்டார்கள்.

நீ சொல். அது ஆம்ப்ளிஃபயரிலா, என்னிடமா?

இட்சுகோ


ஹிகாஷி ஒசாகா
நவம்பர் 6

அக்கா,

மூன்றாம் நம்பரில் முனகல் இல்லை. இதே அளவில் செய்த இரட்டை இங்கே என் மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை. பிளக்கைத் திருப்பி மாட்டு. ஃபிரிட்ஜை அணை. எர்த் கம்பியைத் தனியாக இழு.

அதற்குப் பிறகும் கேட்டால் ஒரே ஒரு சோதனை. அத்தான் திரைக்குப் பின்னால் நின்று, தன் இஷ்டத்துக்கு ஆம்ப்ளிஃபயரைப் போடட்டும், அணைக்கட்டும். அதன் முகப்பில் எரியும் குட்டி விளக்கைத் துணி போட்டு மூடு. பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் முனகல் உண்டா இல்லையா என்று நீ சொல்லு. ஒன்பது சரியென்றால் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது, மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குக் கீழே என்றால் டாக்டர் சொன்னதுதான் வந்திருக்கிறது. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று வருஷம் வீணாகியிருக்காது.

தெட்சுரோ


முரகாமி
நவம்பர் 12

தெட்சு,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தோம். ஞாயிறு காலை, கடை திறக்கும் முன்னால், திரை கட்டிச் சோதனை.

ஏழு.

தவறிய மூன்றும் ஆரம்பத்தில். முதல் மூன்று தடவையும் ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருந்ததாம், நான் "சத்தமில்லை" என்றேன். ஓடுகிற சாமானை இல்லை என்றேன். பிறகு சரியாகச் சொன்னதெல்லாம் அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

கென்சாக்கு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. "ஏழு நல்ல மார்க்குதானே. நான் பள்ளிக்கூடத்துல வாங்குனதே இல்ல" என்றார் உள்ளேயிருந்தே. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கமியாவுக்கு எழுதிவிட்டேன், லாரியோடு வரச் சொல்லி.

உன்மேல் கோபமில்லை. நீ கேட்டது நியாயமான கேள்வி.

இட்சுகோ


முரகாமி
நவம்பர் 17

தெட்சு,

உன் பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம். இது டாக்டருக்காக எழுதிவைத்த குறிப்பின் நகல், உனக்கு உபயோகமில்லை என்றால் அடுப்பில் போடு.

காதில் கேட்கும் சத்தம் என்ன உயரம் என்று அவர் போன முறை கேட்டார். சொல்லத் தெரியவில்லை. நேற்றுத் தொடக்கப்பள்ளியிலிருந்து கால்மிதி ஆர்கனை இரவல் வாங்கிவந்தேன். ஆம்ப்ளிஃபயரைக் காலையிலிருந்து ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுப் பார்த்தேன். கீழ்ப் பக்கத்து டோ-ரே-மி வரிசையில் "ஸோ" கட்டை கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஆனால் முழுக்க ஒட்டவில்லை. முனகல் ஒரு மயிரிழை மேலே இருக்கிறது. இரண்டும் சேரும்போது சத்தம் ஏறி இறங்குகிறது, கரையில் அலை மோதுவதுபோல, வூம், வூம் என்று. கென்சாக்குவின் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு 121. மறுபடி 119. மறுபடி 120.

நொடிக்கு இரண்டு அலை. இதற்கு டாக்டர் என்ன பெயர் வைப்பார் என்று தெரியவில்லை.

இட்சுகோ


ஹிகாஷி ஒசாகா
நவம்பர் 20

அக்கா,

கமியாவுக்கு உடனே தந்தி அடி. லாரி வேண்டாம். இந்த வரியைப் படித்ததும் தபால் நிலையத்துக்குப் போ, மிச்சத்தைத் திரும்பி வந்து படி.

போய்விட்டு வந்தாயா? கேள்.

உன் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடி படித்தேன். ஆர்கனின் அந்தக் கட்டை நொடிக்குத் தொண்ணூற்றெட்டு முறை அதிரும். உன் முனகல் அதற்கு மேலே, இரண்டு அலை வித்தியாசத்தில். தொண்ணூற்றெட்டும் இரண்டும் நூறு. சரியாக நூறு.

முதலாளி ஒகாத்தா, "ஏன்டா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?" என்றார். "அக்கா நூறுன்னு எழுதியிருக்காண்ணே" என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கையிலிருந்த துடைக்கும் துணியை என் மூஞ்சியில் எறிந்தார். "அம்பதுல ஓட்டிப் பாத்தியாடா நீ? கெழக்கே போற சாமானை அம்பதுல ஓட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா, தடிமாடு!"

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். சுவரிலிருந்து வரும் மின்சாரம் துடித்துத் துடித்து வருவது. ஆம்ப்ளிஃபயருக்குள் அதைத் தேக்க ஒரு தொட்டி இருக்கிறது. துடிப்புக்கு இரண்டு தடவை தொட்டி நிரம்பும், நடுவில் இசை அதிலிருந்து மொண்டுகொள்ளும். இங்கே மேற்கில் துடிப்பு நொடிக்கு அறுபது, தொட்டி நூற்றிருபது தடவை நிரம்பும். அங்கே கிழக்கில் துடிப்பு ஐம்பது, நூறு தடவைதான். அந்தக் காலத்தில் தோக்கியோவும் ஒசாகாவும் வேறு வேறு தேசத்து மெஷின்களை வாங்கி வைத்த கூத்து, இன்றைக்கும் நாடு நடுவில் இரண்டாகக் கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தும் பெட்டி சின்னதாக வரவேண்டும் என்று தொட்டியைக் குறைத்தேன். ஐம்பதில் ஓட்டிப் பார்க்கப் பட்டறையில் மெஷின் இல்லை. தாளில் கணக்குப் போட்டேன், தாங்கும் என்று வந்தது, அனுப்பிவிட்டேன். அவசரம்.

நேற்று பல்கலைக்கழகத்தில் கெஞ்சி ஐம்பது துடிப்புத் தரும் மெஷினில் இரட்டையை மாட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். பெட்டி சூடேறியது. சூடேற ஏற அதிகமாகக் குடிக்கும். பதினைந்தாவது நிமிடம் தொட்டியின் அடி தட்டியது, மீட்டர் முள் எழுந்து நின்றது. நூறு.

இப்போது உன் சோதனையை நினைத்துப் பார். ஞாயிறு காலை. ஆறிப்போன ஆம்ப்ளிஃபயர். முதல் மூன்று தடவை அத்தான் போட்டபோது பெட்டி சூடாகவில்லை. முனகல் உண்மையிலேயே இல்லை. நீ "இல்லை" என்றாய்.

அக்கா, நீ பத்துக்குப் பத்து.

மீட்டர் ஒசாகாவில் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ ஒரு பள்ளிக்கூட ஆர்கனையும் மீன்காரர் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு கிழக்கு ஜப்பானின் மின்சாரத்தை எண்ணிக் காட்டியிருக்கிறாய். காதுக்குள் முளைக்கும் சத்தம் வெளிச் சத்தத்தோடு மோதி அலை எழுப்பாது. உன் முனகல் வெளியேதான் இருந்தது. என் முட்டாள்தனத்துக்குள்.

பெரிய தொட்டிகளோடு 27ஆம் தேதி வருகிறேன்.

தெட்சுரோ


ஹிகாஷி ஒசாகா
நவம்பர் 30

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அத்தான் கொடுத்த சால்மன் மீன் பெட்டி முழுக்க மணத்து, பக்கத்து சீட்டுக்காரர் கனாசாவாவில் இடம் மாறி உட்கார்ந்தார். திரும்பும்போது இத்தோயிகாவாவில் ரயில் பெட்டியின் விளக்கெல்லாம் ஒரு கணம் அணைந்து மறுபடி எரிந்தது. கம்பியில் மின்சாரம் மாறும் இடம். வரும்போதும் அணைந்திருக்க வேண்டும், நான் மடியிலிருந்த தொட்டிகளைக் காத்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. இந்த முறை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வெளியே வயலும் கடலும் ஒன்றும் மாறாமல் இருந்தன.

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

புதன் மத்தியானம், சாலிடரிங் சூடு ஆறியதும் நீ ஆம்ப்ளிஃபயரைப் போட்டாய். இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தக் கொம்புகளுக்கு முன்னால் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. கேட்டேன் என்றுதான் எழுதுகிறேன். ஆறு வருஷம் படித்தேன், ஐந்து வருஷம் வேலை செய்தேன், அமைதி என்பது மீட்டரில் ஒரு சின்ன எண் என்று நினைத்திருந்தேன். உன் அறையில் அது ஒரு இடம். கூரை உயர்ந்த இடம்.

பிறகு நீ அந்தச் செல்லோத் தட்டின்மேல் ஊசியை இறக்கினாய். இசை தொடங்குவதற்கு முன்பே சுவர் போய்விட்டது. ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு மாதா கோயிலில், மாரிக்காலத்தில், ஒரு மனிதன் நாற்காலியில் சரிந்து உட்கார்கிறான், நாற்காலி முனகுகிறது. அவன் மூச்சிழுக்கிறான். மீட்டரைப் பார்த்தேன், முள் படுத்தே கிடந்தது. ஒரு கொசுவின் இறக்கைக்குக்கூடப் போதாத மின்சாரம். அதில் ஒரு மாதா கோயில் நிற்கிறது. என் முடி சிலிர்த்ததை நீ பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

எந்த ஆம்ப்ளிஃபயர் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். என்னுடையது, இசோபே டாக்டருடையது, நீகாதாவின் மிருகம், எது என்றாலும் நீ உட்கார்ந்து கேட்டுச் சொல்லு. மூன்று வருஷத்துக்கு முன்னால் "உனக்குக் காதே இல்லையா" என்று கேட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இடத்துக்காக அல்ல. சொன்னதற்காக.

தெட்சுரோ


முரகாமி
டிசம்பர் 4

தெட்சு,

உன் கடிதத்தை கென்சாக்குவுக்கு வாசித்துக் காட்டினேன். "அக்கா தம்பி சண்டைக்கு நீங்க போட்ட உப்புல மூணு சீசன் மீன் பதம் பண்ணியிருக்கலாம்" என்றார்.

தந்தி கிடைத்தும் கமியா வந்தார். "லாரி பேசிட்டேன். சும்மா பாத்துட்டாவது போறேனே" என்றார். மெல்லிய மனிதர், நல்ல ஓவர்கோட்டு, கொம்புகளைச் சுற்றி வந்து விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். காப்பி கொடுத்து நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆம்ப்ளிஃபயர் இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து, "எப்பம்மா போடப்போறீங்க?" என்றார்.

"போட்டுத்தான் இருக்கு" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கொம்பின் வாயில் காதை வைத்தார். நின்றார். அங்கே இருந்தபடியே ஓவர்கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார், கோயிலுக்குள் போகிறவர்போல. திரும்பி வந்து உட்கார்ந்தார். செல்லோ போட்டேன். முதல் பக்கம் முடிந்தது. அவரைப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமல் விரலைச் சுழற்றிக் காட்டினார், திருப்பிப் போடு என்று. வெளியே லாரிக்காரன் இரண்டு தடவை ஹார்ன் அடித்தான். கென்சாக்கு ரப்பர் பூட்ஸோடு வெளியே ஓடி அவனைத் திட்டுவது கேட்டது: "ஏலே, உள்ள ஒரு மனுசன் மூச்சு இழுக்குறான்லே, பொறு!"

எந்த ஆம்ப்ளிஃபயர் என்று கேட்டாய். உன்னுடையது. நீ என் தம்பி என்பதற்காக இல்லை. மற்ற இரண்டும் இசையைக் கொடுத்தன, உன்னுடையது இசைக்கு முன்னால் இருப்பதையும் கொடுக்கிறது. பட்டறைக்கு என் பெயரில் பில் எழுதச் சொல். இலவசம் என்று ஏதாவது உளறினால் மறுபடி வாசலைக் காட்டுவேன்.

நேற்று நீகாதா போனேன். டாக்டர் காதுச் சோதனைப் படத்தைக் காட்டினார். மேல் சுரத்தில் இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. சில்வண்டு இனி திரும்பாது. மற்றது எவ்வளவு காலம் என்று அவருக்கும் தெரியவில்லை. அலை எண்ணிய குறிப்பைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இதை நீங்களாவே பண்ணீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். என் கோப்பில் அதைச் சேர்த்துக் கிளிப் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது ரயில் ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்தது. வாசலில் கென்சாக்கு தொங்கவிட்டிருந்த மீன்களின் முதுகெல்லாம் வெள்ளை. கடையைத் திறந்து, விளக்குப் போடாமல், ஆம்ப்ளிஃபயரை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம். ஊசியை இறக்கினேன். அந்த மனிதர் நாற்காலியில் சரிந்தார். மூச்சிழுத்தார்.

இட்சுகோ